வாசகர் கேள்வி, பங்குப் பதில்: சாம்பலிலிருந்து பாஸ்கா திரி வரை

2027இல் தவக்காலம் முந்திக்கொண்டு வருகிறது. பிப்ரவரி 10 திருநீற்றுப் புதன் (பழைய குருத்தோலைச் சாம்பலை நெற்றியில் பூசித் தவக்காலம் தொடங்கும் நாள்), மார்ச் 28 உயிர்ப்பு ஞாயிறு. பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்த்த கையோடு சாம்பலுக்கு ஓலை சேர்க்கத் தொடங்க வேண்டியிருக்கும். வந்த கடிதங்களில் பெரும்பாதி அதையொட்டியே இருப்பதால் அவற்றையே இம்முறை எடுத்துக்கொண்டோம்.

போன வருடம் பூசிய சாம்பல் சிலருக்கு நெற்றியில் எரிச்சல் கொடுத்தது. ஒரு பையனுக்குத் தோல் சிவந்து தடித்தேவிட்டது. கடைச் சாம்பல் இல்லை, பழைய குருத்தோலையை நாங்களே எரித்ததுதான். எங்கே தப்பு நடந்தது?
*– பீடச்சிறுவர் பொறுப்பாளர், திண்டுக்கல் மாவட்டம்*

தண்ணீரில். சாம்பலைத் தண்ணீர் விட்டுக் குழைத்திருப்பீர்கள். ஓலைச் சாம்பலில் பொட்டாசியக் காரம் இருக்கிறது. ஈரம் பட்டதும் அது கரைந்து வெளியே வரும். சோப்பு வருமுன் துணி வெளுக்கச் சாம்பல் தண்ணீர் உதவியது இந்தக் காரத்தால்தான். காலைப் பூசைக்குக் குழைத்ததை மாலைப் பூசைக்கும் வைத்திருந்தால் நீர் வற்ற வற்றக் காரம் செறிந்துகொண்டே போகும். நெற்றியில் பட்டதும் எரியாமல் என்ன செய்யும்?

எரித்த விதத்தையும் கவனியுங்கள். வெளுத்துச் சாம்பல் நிறமாகும் வரை எரிய விட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் காரச் சாம்பல்தான். அது நெற்றியில் தெரியவும் தெரியாது. நமக்கு வேண்டியது கருமை. குருத்தோலைகளை இரண்டு வாரம் முன்பே கேட்டு வாங்குங்கள். ரிப்பன், நைலான் நூல், ஸ்டேப்ளர் பின் எல்லாவற்றையும் பிரித்தெடுங்கள். சிலுவையாகப் பின்னிய ஓலையின் மடிப்புக்குள் பின் ஒளிந்திருக்கும். நான்கு நாள் வெயிலில் காய்ந்து, மடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். பழைய இரும்புச் சட்டியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு எரியுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அந்த வாடை அரைத்தாலும் போகாது. தீ நாக்கு அடங்கி ஓலை கருகிச் சுருண்டதும் சட்டியை இறுக மூடிவிடுங்கள். காற்றுப் போகாவிட்டால் வெளுக்காது, கரியாகவே நிற்கும். முழுக்க ஆறிய பிறகு அம்மியிலோ இடிகல்லிலோ பொடித்து, மெல்லிய பருத்தித் துணியில் சலித்துக்கொள்ளுங்கள். சலிக்காத சாம்பலில் நார் இருக்கும். அது நெற்றியில் ஒட்டாமல் கண்ணில் விழும்.

அளவு அதிகம் தேவையில்லை. சலித்த பொடி ஒரு மேசைக்கரண்டி சில நூறு பேருக்கு வரும். உலர்ந்தபடியே பூசலாம். ஒட்டவில்லை என்றால் ஒரு கரண்டிக்கு இரண்டு மூன்று சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு விரலால் கலந்தால் போதும். மந்திரித்த எண்ணெய்களை இதற்குத் தொடவே கூடாது. மந்திரிக்கும்போது தெளிக்கும் தீர்த்தத்தால் எரிச்சல் வராது, அது நாலு துளிதான். மீந்த சாம்பலைக் கழுவு தொட்டியில் கொட்டாமல் கோயில் வளாகத்தில் செடி அடியில் மண்ணில் புதையுங்கள்.

2027 திருவழிபாட்டு நாட்காட்டியில் பொதுக்காலம் (தவக்காலம் போன்ற சிறப்புக் காலங்களில் சேராத வாரங்கள்) 5ஆம் வாரத்துக்குப் பிறகு தவக்காலம் வருகிறது. தூய ஆவியார் பெருவிழா முடிந்ததும் 7ஆம் வாரம் என்று போட்டிருக்கிறார்கள். 6ஆம் வாரத்தைக் காணோம். அச்சுப்பிழையா?
*– வாசகர் குழு உறுப்பினர், தஞ்சாவூர்*

பிழையில்லை. பொதுக்காலத்தில் 33 அல்லது 34 வாரம் வரும். தூய ஆவியார் பெருவிழாவுக்குப் பின் வரும் இரண்டாவது பகுதியை முன்னாலிருந்து எண்ணுவதில்லை, கடைசியிலிருந்து எண்ணுகிறார்கள். ஆண்டின் கடைசி ஞாயிறான கிறிஸ்து அரசர் பெருவிழா எப்போதும் 34ஆவது. 2027இல் அது நவம்பர் 21. அங்கிருந்து வாரம் வாரமாகப் பின்னோக்கி வந்தால் மே 16, தூய ஆவியார் பெருவிழா, 7ஆம் வாரத்தில் விழுகிறது. முன்பகுதி பிப்ரவரி 9 செவ்வாயன்று 5ஆம் வாரத்தின் நடுவில் அறுந்துவிட்டது. ஆகவே நடுவில் ஒரு வாரம் விழுந்தாக வேண்டும். 2026இல் விழுந்தது 7ஆம் வாரம்.

வார நாள் வாசகம் வாசிப்பவர்கள் பதற வேண்டியது இங்கேதான். மே 18 செவ்வாயன்று வாசக நூலில் போன முறை வைத்த கயிற்றைப் பிடித்துத் தொடர்ந்தால் 6ஆம் வாரத்தை வாசித்துவிடுவீர்கள். கயிற்றை இன்றே 7க்கு மாற்றிவிடுங்கள். 2027 ஒற்றைப்படை, ஆகவே வார நாளுக்கு முதலாம் ஆண்டு வாசகம். ஞாயிறுக்கு இது இரண்டாம் ஆண்டு, மாற்கு நற்செய்தி.

எங்கள் பங்கின் பாதுகாவலர் சூசையப்பர். மார்ச் 19 திருவிழா தவக்காலத்துக்குள் வருகிறது. அதுவும் 2027இல் வெள்ளிக்கிழமை. கொடியேற்றலாமா, தேர் இழுக்கலாமா, அசனம் (ஊர் விருந்து) கறியோடு போடலாமா என்று ஊரில் மூன்று கட்சியாக நிற்கிறோம்.
*– பங்குப் பேரவை உறுப்பினர், தூத்துக்குடி மாவட்டம்*

மூன்றுக்கும் தனித்தனி விடை இருக்கிறது. அசனக் கட்சிக்குத்தான் முதல் வெற்றி. மார்ச் 19 பெருவிழா. வெள்ளிக்கிழமை பெருவிழா வந்தால் அன்று சுத்தபோசனக் கடமை (இறைச்சி விலக்குவது) இல்லை என்று திருச்சபைச் சட்டம் (எண் 1251) சொல்கிறது. அண்டாவில் ஆட்டுக்கறி வேகட்டும். அன்று உடை வெள்ளை, வானவர் கீதம் (பூசையின் புகழ்ப்பாடல்) உண்டு, பீடத்தில் பூ உண்டு. அல்லேலூயா மட்டும் கிடையாது. தவக்காலத்தில் எந்தப் பெருவிழாவுக்கும் அது திரும்பி வராது. பாடகர் குழுக்கள் வழுக்கி விழும் இடம் இதுதான்.

கொடி மார்ச் 10 புதனன்று ஏறினால் 10 முதல் 18 வரை ஒன்பது நாள் சரியாக வரும். ஆனால் நவநாள் மாலைகளில் அன்றன்றைய தவக்காலத் திருப்பலியே நடக்கும். தினமும் சூசையப்பர் பூசை வைக்க முடியாது. நவநாள் செபத்தைப் பூசைக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் 14ஆம் தேதி தவக்காலம் 5ஆம் ஞாயிறு. ஊதா உடைதான், பாதுகாவலரே வந்து கேட்டாலும் மாறாது. 12 வெள்ளியன்று சிலுவைப்பாதையை விட்டுவிட்டு நவநாளை நடத்தாதீர்கள்.

தேரை வியாழன் இரவோ வெள்ளி மாலையோ வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வர வசதி என்று சனிக்கிழமைக்குத் தள்ளினால் மாட்டிக்கொள்வீர்கள். 20ஆம் தேதி மாலைப் பூசையே குருத்தோலை ஞாயிறின் பூசை. சீரியல் லைட்டும் நாசிக் டோலும் அதற்குப் பக்கத்தில் நிற்காது. பெரிய கொண்டாட்டம்தான் வேண்டும் என்றால் பல பங்குகள் செய்வதுபோல் மே 1, தொழிலாளர் சூசையப்பர் நாளுக்கு வெளிக்கொண்டாட்டத்தை மாற்றி, மார்ச் 19ஐப் பூசையோடும் அசனத்தோடும் நிறுத்துங்கள். எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

லூர்து அன்னை பங்குகளுக்கு நெருக்கடி இதைவிடக் கூடுதல். பிப்ரவரி 11, திருநீற்றுப் புதனுக்கு மறுநாள். வழக்கமாகத் தேர் வரும் முந்தின இரவு ஒருசந்தி (ஒருவேளை மட்டும் முழுச் சாப்பாடு) நாளாகிவிட்டது. செவ்வாய் இரவே தேரை முடித்துக்கொள்வது நல்லது.

என் தாயாருக்கு 63 வயது, சர்க்கரை நோய் உண்டு. நாற்பது நாளும் ஒருசந்தி இருப்பேன் என்கிறார். சொன்னால் கேட்கவில்லை. சட்டம் என்னதான் சொல்கிறது?
*– வாசகி, திருச்சி*

ஒருசந்தி கடமையான நாள் ஆண்டுக்கு இரண்டுதான்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். வயது, 18 நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும் வரை, அதாவது 59ஆம் பிறந்தநாள் வரை. அம்மா அந்த எல்லையைக் கடந்து நாலு வருடமாகிறது. உடல்நலம் இல்லாதவரை இந்தச் சட்டம் எந்த வயதிலும் கட்டாது, யாரிடமும் போய் விலக்கு வாங்க வேண்டியதும் இல்லை. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டால் சர்க்கரை சட்டென்று இறங்கி மயங்கி விழலாம். கோயிலில் பெரிய வெள்ளி வழிபாட்டின் நடுவில் அப்படி நடப்பது அபூர்வமல்ல. கைப்பையில் நாலு மிட்டாய் போட்டுக் கொடுங்கள். நற்கருணைக்கு முந்தின ஒரு மணி நேர உபவாசமும் முதியோரையும் நோயாளிகளையும் கட்டாது. தண்ணீரும் மருந்தும் யாருக்குமே அதை முறிப்பதில்லை.

சுத்தபோசனம் வேறு. அது 14 வயது நிறைந்தவர் எல்லாருக்கும், மேல் வயது எல்லை இல்லாமல். இறைச்சி மட்டும்தான் விலக்கு. மீன், முட்டை, பால் எல்லாம் ஆகும். ஆகும் என்பதற்காக வெள்ளிக்கிழமை சந்தையில் வஞ்சிரம் பேரம் பேசி வாங்கி மூன்று வகை வைத்து உண்பது சட்டத்தைக் காப்பாற்றும், தவத்தை அல்ல. அம்மாவுக்கு ஒரு யோசனை: அவர் விரும்பிக் குடிக்கும் காப்பியையோ பார்க்கும் தொடரையோ நாற்பது நாள் விடட்டும். உடம்புக்கு ஆபத்தில்லை, அந்தப் பத்து நிமிடத்துக்குச் செபமாலை கிடைக்கும்.

நாற்பது எப்படி வருகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். திருநீற்றுப் புதனிலிருந்து பெரிய சனி வரை 46 நாள். அதில் ஆறு ஞாயிறு கழித்தால் 40. ஞாயிறு ஒருபோதும் ஒருசந்தி நாள் அல்ல.

மகளுக்கு ஏப்ரல் முதல் வாரம் திருமணம். ஓலை (கோயிலில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுக்கப் போனால் ஞானஸ்நானச் சான்றிதழ் பழசு, புதிதாக வாங்கி வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒருமுறை பெற்ற ஞானஸ்நானம் பழசாகுமா?
*– பெற்றோர், காஞ்சிபுரம் மாவட்டம்*

ஞானஸ்நானம் பழசாகாது, சான்றிதழ் ஆகும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் ஓரக்குறிப்புப் பத்தி உண்டு. உறுதிபூசுதல், திருமணம், குருப்பட்டம், துறவற வார்த்தைப்பாடு எல்லாம் பிற்பாடு அங்கே ஏறும். மகளுக்குப் புதுநன்மை கொடுக்கும்போது எடுத்த சான்றிதழில் அந்த இடம் காலியாக இருந்தது; இன்றும் காலியாகவே இருக்கிறதா என்பதற்கு ஆறு மாதத்துக்குள் எடுத்த நகல்தான் சாட்சி. ஏற்கெனவே திருமணமான ஒருவர் வேறு ஊரில் போய் மறுபடி மணமாகாமல் தடுப்பது இந்த ஓரக்குறிப்புதான்.

சிக்கல் வருவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, நேர்ச்சையாகத் திருத்தலத்திலோ தாய்வழிப் பாட்டி ஊரிலோ கொடுத்த ஞானஸ்நானம். பதிவு எங்கே கொடுத்தார்களோ அந்தப் பங்கின் ஏட்டில்தான் இருக்கும். குடியிருக்கும் பங்கில் எத்தனை ஏட்டைப் புரட்டினாலும் கிடைக்காது. இரண்டு, பெயர். ஏட்டில் 'மரிய செல்வி', ஆதாரில் 'செல்வி', கல்லூரிச் சான்றிதழில் வீட்டில் வைத்த வேறொரு பெயர். மூன்றும் ஒருவரே என்பதற்கு என்ன தாள் வேண்டும் என்று பங்கு அலுவலகத்தில் முதல் நாளே கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஓலை மூன்று ஞாயிறு, மணமகள் பங்கிலும் மணமகன் பங்கிலும். மணமகன் பங்கிலிருந்து 'ஓலை வாசித்தாயிற்று, தடை ஏதும் இல்லை' என்ற கடிதம் வந்து சேரவும் நாள் பிடிக்கும். அது வாட்ஸாப் படமாக வந்தால் போதாது, முத்திரையோடு தாளாக வர வேண்டும். திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்றிதழும் சேர்த்து மூன்று மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாள் கொண்டாட்டமான எண்கிழமை ஏப்ரல் 4 வரை. மார்ச் 25இல் வர வேண்டிய மங்கள வார்த்தைப் பெருவிழா 2027இல் பெரிய வியாழனோடு மோதுவதால் ஏப்ரல் 5க்குப் போகிறது. இந்த நாட்களில் திருமணம் நடக்கக்கூடாது என்றில்லை. ஆனால் பூசை மன்றாட்டுகள் அன்றைய நாளுக்குரியவை, திருமணப் பூசைக்குரியவை அல்ல. ஏப்ரல் 6இலிருந்து அந்தத் தடை இல்லை. தவக்காலத்தில் திருமணம் வைப்பது மறைமாவட்ட வழக்கத்தைப் பொறுத்தது, பெரும்பாலும் கொடுப்பதில்லை.

மாலைப் பூசையில் பதினெட்டுப் பெயர் வாசிக்கிறார்கள். என் கணவரின் நினைவு நாளுக்கு நான் கொடுத்த காணிக்கையும் அதில் ஒன்று. அவருக்கென்று பூசை நடந்ததா, நடக்கவில்லையா?
*– வாசகி, கோவை*

பொது விதி, ஒரு கருத்துக்கு (யாருக்காக, எதற்காக என்று கேட்டதற்கு) ஒரு பூசை. காணிக்கை எவ்வளவு சிறியதானாலும் ஏற்றுக்கொண்ட பிறகு அதற்கென்று தனியாக ஒப்புக்கொடுத்தாக வேண்டும். ஒரு குரு, ஓராண்டுக்குள் முடிக்க முடியாத அளவுக்குக் கருத்துகளை வாங்கவும் கூடாது. பல கருத்துகளை ஒரே பூசையில் சேர்ப்பதற்கு ஆயர்கள் இடம் கொடுத்திருக்க வேண்டும், கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அவர்கள் சம்மதித்திருக்க வேண்டும், குரு ஒரே ஒரு காணிக்கையைத்தான் தனக்கு எடுத்துக்கொள்ளலாம். மிச்சம் ஆயர் குறிக்கும் நோக்கத்துக்குப் போகும். 

பெயர் வாசிப்பதற்கும் கருத்துக்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாசிக்காவிட்டாலும் கருத்து கருத்துதான். பதினெட்டில் பதினேழு பேர் வெறுமனே நினைவுகூரப்படுகிறவர்களாக இருக்கலாம். வேறு நாளில் அவர்களுக்குத் தனிப் பூசை ஆகியிருக்கலாம். ஆகவே குறை சொல்லுமுன் அலுவலகத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'இது சேர்த்து வைக்கும் பூசையா, தனிப் பூசையா?' ரசீதில் அதை எழுதிக் கொடுக்கும் பங்குகளில் இந்த மனக்கசப்பு வருவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை குறித்துக் கேட்டால் இடம் இல்லை என்று சொல்வதற்கும் காரணம் உண்டு: ஞாயிறுகளில் பங்குத்தந்தை ஒரு பூசையைப் பங்கு மக்கள் அனைவருக்காகவும் ஒப்புக்கொடுக்கக் கடமைப்பட்டவர், அதற்குக் காணிக்கை கிடையாது.

பெரிய வெள்ளியன்று நற்கருணை அப்பம் போதவில்லை. அவசரத்துக்கு என்ன வழி?
*– கோயில்பிள்ளை, கன்னியாகுமரி மாவட்டம்*

அன்று பூசை இல்லை, புதிதாக ஒப்புக்கொடுக்க முடியாது. இருப்பதை இரண்டாக, நான்காகப் பிட்டுக் கொடுப்பது ஒன்றே வழி. வராமல் பார்த்துக்கொள்வது வியாழன் வேலை. ஞாயிறே எட்டிப் பார்க்காதவர்களும் பெரிய வெள்ளிக்கு வருவார்கள், ஆகவே வழக்கமான ஞாயிறுக் கணக்கு உதவாது. போன வருடம் வெள்ளியன்று எத்தனை ஆயிற்று என்ற எண்ணை ஏட்டில் குறித்து வைத்திருந்தால் அதுவே அடிப்படை. எண்ணுவதற்குச் சமையலறைத் தராசு போதும்: நூறு அப்பத்தை ஒருமுறை எண்ணி நிறுத்துக்கொண்டால் மீதியை எடைபோட்டே கணக்கிடலாம். வியாழன் பூசை தொடங்கும்போது நற்கருணைப் பேழை காலியாக இருக்க வேண்டும் என்பதால் பழைய மிச்சத்தை நம்பியும் இருக்க முடியாது. உறை பிரித்த அப்பத்தைக் கடலோரக் காற்றில் திறந்து வைக்காதீர்கள், பதத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டும்.

பெரிய வியாழன் பூசையில் பாதம் கழுவுவதற்குப் பெண்களை உட்கார வைக்கலாமா? பன்னிரண்டு பேர் கட்டாயமா?
*– அன்பியப் பொறுப்பாளர், மதுரை*

2016 ஜனவரியில் வந்த ஆணைக்குப் பிறகு தாராளமாக உட்கார வைக்கலாம். ஆண், பெண், முதியோர், இளையோர், நோயாளிகள் என்று பங்கின் எல்லா முகமும் தெரிய வேண்டும் என்பதே அதன் நோக்கம். எண்ணிக்கை பற்றித் திருப்பலி நூலில் கட்டளை இல்லை.

பாஸ்கா திரி (பெரிய சனி இரவு உயிர்ப்பு வழிபாட்டில் ஏற்றும் பெரிய மெழுகுதிரி) விலை ஏறிக்கொண்டே போகிறது. போன வருடத் திரியில் ஆண்டை மட்டும் சுரண்டிவிட்டுப் புது எண் ஒட்டலாமா? அல்லது உள்ளே எண்ணெய் ஊற்றும் பிளாஸ்டிக் திரி?
*– உபதேசியார், சிவகங்கை மாவட்டம்*

இரண்டுமே ஆகாது. திரி மெழுகால் ஆனதாக, ஒன்றே ஒன்றாக, ஆண்டுதோறும் புதியதாக, மிகச் சிறியதாக இல்லாமல் இருக்க வேண்டும். பணம் இல்லையென்றால் நாலடித் திரிக்குப் பதில் இரண்டடித் திரி வாங்குங்கள். எரிந்து குறைவதுதான் அதன் பொருளே. குறையாத பிளாஸ்டிக் குழாய் எதையும் சொல்லாது.

எண் வெட்டுவதில் ஒரு கண்ணி இருக்கிறது. முதலில் சிலுவையின் நெடுங்கோடு, பிறகு குறுக்குக்கோடு, மேலே 'அ', கீழே 'ன'. கிரேக்க எழுத்து இரண்டையும் தமிழ் நெடுங்கணக்கின் முதலும் கடைசியுமாக மாற்றியவர்களுக்கு ஒரு வணக்கம். பிறகு எண்கள்: 2 இடப்பக்க மேல் மூலையில், 0 வலப்பக்க மேல் மூலையில், அடுத்த 2 இடப்பக்கக் கீழ் மூலையில், 7 வலப்பக்கக் கீழ் மூலையில். கடிகாரம் சுற்றுவதுபோல் வெட்டிக்கொண்டே போனால் 2072 என்று ஆகிவிடும். சாம்பிராணி மணி ஐந்தும் மேல், நடு, கீழ், இடம், வலம் என்ற வரிசையில். துளையை முன்கூட்டியே சூடான ஆணியால் போட்டு வையுங்கள், இருட்டில் குத்தினால் மெழுகு பிளக்கும்.

புதுத் திரியின் நூல் மெழுகுக்குள் புதைந்திருக்கும், நெருப்பைக் காட்டினாலும் பற்றாது. முந்தின நாளே ஒரு நிமிடம் ஏற்றி அணைத்து வைத்தால் தப்பலாம். நெருப்பிலிருந்து நேரே ஏற்ற முயலாமல் நீண்ட சிறு திரியால் எடுத்து ஏற்றுங்கள். வாசல் பக்க மின்விசிறியை நிறுத்த ஒருவரையும், மெயின் சுவிட்சுக்கு ஒருவரையும் பெயர் சொல்லி நியமியுங்கள். 'கிறிஸ்துவின் ஒளி' மூன்று முறை பாடப்படும். இரண்டாவதுக்குப் பிறகு மக்கள் கைத்திரி, மூன்றாவதுக்குப் பிறகு கோயில் விளக்குகள். பீடத்து மெழுகுதிரி மட்டும் வானவர் கீதம் வரை காத்திருக்கும்.

நேரம் குறைக்க வாசகத்தை வெட்டும் ஊர்கள் ஒன்றை மறக்கின்றன: பழைய ஏற்பாட்டில் ஏழில் குறைந்தது மூன்று வேண்டும், அதில் செங்கடலைக் கடக்கும் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை ஒருபோதும் விடக்கூடாது. குழந்தைகள் வர வசதி என்று மாலை ஆறு மணிக்குத் தொடங்குவதும் தவறு. மார்ச் கடைசியில் நம் ஊரில் அப்போது வெயில் சுவரில் இருக்கும், இருளே இல்லாமல் எந்த ஒளியை ஏந்தி வருவது?

தூய ஆவியார் பெருவிழா வரை திரி பீடத்தருகே நிற்கும். பிறகு ஞானஸ்நானத் தொட்டிப் பக்கம் போகும். ஞானஸ்நானத்துக்கும் அடக்கப் பூசைக்கும் ஏற்றுவார்கள். பழைய திரியைத் தூக்கிப் போட மனம் வரவில்லை என்றால் சாம்பிராணி மணிகளைப் பிடுங்கிவிட்டு உருக்கி, வடிகட்டி, மக்கள் கையில் கொடுக்கும் சிறு திரிகளாக ஊற்றிக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்ட செலவில் கொஞ்சம் அங்கே மிச்சமாகும்.